மட்டக்களப்பு வாவியும் புகையிரதப் பாதையும்

மட்டக்களப்பு நாட்டிலே 'பாதை' என்னும் சொல்லுக்குப் பிற இடத்தார் எளிதில் அறியாத ஒரு பொருள் உண்டு. துறையடியில் நிற்கும் ஒருவர் 'பாதை வந்துவிட்டதா?' என்று வினவுவாராயின், அவர் கேட்பது நிலத்திற் கிடக்கும் வழியைப் பற்றியதன்று; மனிதரையும் மாட்டையும் வண்டியையும் ஏற்றிக்கொண்டு வாவியின் அக்கரையிலிருந்து இக்கரைக்கு மிதந்து வரும் பலகைத் தளத்தைப் பற்றியது. வழி என்பதே நீரில் மிதந்து வருவது என்று எண்ணப் பழகிய ஒரு மக்கட் கூட்டத்தின் போக்குவரத்து வரலாற்றை, இருப்புப்பாதையின் வரலாற்றோடு சேர்த்து நோக்குதல் பயனுடையது. ஏனெனில், கொழும்பிலிருந்து புறப்பட்ட தண்டவாளம் 1928ஆம் ஆண்டில் மட்டக்களப்பை எட்டியது. எட்டிய இடத்திலேயே நின்றும் விட்டது. வாவியை அது கடக்கவில்லை.

வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடையது. வடக்கே பங்குடாவெளிப் பக்கத்திலிருந்து தெற்கே கல்முனை வரை, கடற்கரைக்கு இணையாக, ஒரு நீண்ட நீர்ப்பட்டையாக அது கிடக்கின்றது. பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும் முகத்துவாரங்கள் உள. கடலுக்கும் வாவிக்கும் இடைப்பட்ட மணற்பாங்கான ஒடுங்கிய நிலம் எழுவான்கரை. வாவிக்கு மேற்கேயுள்ள வயல் நிலம் படுவான்கரை. ஞாயிறு எழும் திசையையும் படும் திசையையும் வைத்து ஊரைப் பகுத்த இப்பெயர்கள் எத்துணை அழகியனவோ, அத்துணைப் பொருளியல் உண்மையும் உடையன. எழுவான்கரையில் ஊர்கள் நெருக்கமாக உள. தென்னையும் நெசவும் மீன்பிடியும் கல்விச்சாலைகளும் சந்தைகளும் அங்கேதான். படுவான்கரையிலோ நெல் விளைகின்றது. போடிமாரிற் பலர் எழுவான்கரையில் வீடும் படுவான்கரையில் வயலும் உடையராயிருந்தனர். விதைப்புக் காலத்தில் வட்டைக்குச் சென்று வாடியிலே தங்கி, சூடு மிதித்து முடிந்ததும் நெல்லோடு மீளுதல் அவர்தம் ஆண்டுச் சுற்று. அந்தச் சுற்றில் வாவியை எத்தனை முறை கடந்தனர் என்பதை எந்தக் கணக்கேடும் குறித்து வைக்கவில்லை.

இக்கடப்புக்கு உதவிய துறைகள் பல. மண்முனைத்துறை கொக்கட்டிச்சோலைத் தான்தோன்றீசுவரர் கோயிலுக்குச் செல்லும் அடியார்களுக்கு வாயிலாயிருந்தது. தெற்கே குருமண்வெளித்துறை மண்டூர் முருகன் கோயிலுக்கு வழிவிட்டது. அம்பிளாந்துறையோ தன் பெயரிலேயே துறையைத் தாங்கி நிற்கின்றது. திருவிழா நாட்களில் இத்துறைகளிற் கூடிய கூட்டத்தைக் கண்டவர், இவ்வாவியை ஊர்களைப் பிரிக்கும் நீர் என்று சொல்ல ஒருப்படார். ஆயினும் மாரிக்காலத்து இரவொன்றில், காற்றும் வெள்ளமும் மிகுந்து பாதை நிறுத்தப்பட்ட வேளையில், நோயாளி ஒருவரைக் கரையிற் கிடத்திக்கொண்டு விடியலை நோக்கியிருந்த குடும்பத்தாருக்கு அது பிரிக்கும் நீராகவே இருந்தது. வாவியின் இவ்விரு முகங்களையும் மறவாதிருத்தல் வேண்டும்.

வெளியுலகோடு மட்டக்களப்பு கொண்ட தொடர்பு நெடுங்காலம் கடல்வழியாகவே நிகழ்ந்தது. 1602இல் ஒல்லாந்தக் கடற்றலைவர் யோரிஸ் வான் ஸ்பில்பேர்கன் கண்டியரசனைக் காணச் சென்றபோது மட்டக்களப்புக் கரையிலேதான் இறங்கினார். 1628இல் போர்த்துக்கேயர் புளியந்தீவில் எழுப்பிய கோட்டையை 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றினர். 1814இல் மெதடிஸ்த போதகர் வில்லியம் ஓல்ற் இங்கு வந்து பள்ளி தொடங்கியதும் கடற்பயணத்தின் பின்னரே. மறு ஆண்டே அவர் இங்கு மறைந்தார். யாழ்ப்பாணத்துத் தோணிகள் புகையிலையைக் கொண்டுவந்து இறக்கி நெல்லை ஏற்றிச் சென்றன. மேற்கேயுள்ள மலைநாட்டோடு நடந்த வாணிகம் வேறு வகையினது. பொதிமாடுகளை நிரையாக ஓட்டிச் செல்லும் தவளங்கள் உப்பும் கருவாடும் கொண்டு ஊவாப் பகுதிக்கு ஏறின. பாக்கும் பிறவும் கொண்டு இறங்கின. இத்தொழிலில் முஸ்லிம் வணிகர் சிறந்து விளங்கினர்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வதுளையிலிருந்து செங்கலடிக்கு இறங்கும் வீதி அமைந்தது. அதன் பின்னரும் கொழும்புக்குச் செல்வோர் கடலையே பெரிதும் நாடினர். இலங்கையைச் சுற்றி ஓடிய கரையோர நீராவிக் கப்பல்கள் மட்டக்களப்புக்கு அப்பால் ஆழ்கடலில் நங்கூரமிடும். பயணிகள் வள்ளங்களில் ஏறி முகத்துவாரத்து மணற்றிட்டைக் கடந்து கப்பலைச் சேர்தல் வேண்டும். வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் இது இயலாத செயல், கப்பல்கள் வாரா. ஆகவே, ஆண்டின் ஒரு பகுதியில் மட்டக்களப்பு ஏறத்தாழத் தனித் தீவாகவே இருந்தது என்று கூறினும் பொருந்தும். பாலமீன்மடுவை அடுத்த முகத்துவாரத்தில் இன்றும் நிற்கும் வெளிச்சவீடு 1913இல் எழுந்தது. கப்பற் பயணத்தை நம்பி எழுப்பப்பட்ட அக்கட்டடம் தன் பணியைச் செவ்வனே தொடங்கிப் பதினைந்து ஆண்டுகள் நிறையுமுன்னர், பயணிகள் கடலை விட்டு இருப்புப்பாதைக்குத் திரும்பினர்.

இலங்கையில் முதற் புகையிரதம் கொழும்புக்கும் அம்பேபுஸ்ஸவுக்கும் இடையே ஓடியது 1864இல். 1867இல் கண்டிக்கும் 1905இல் காங்கேசன்துறைக்கும் 1914இல் தலைமன்னாருக்கும் 1924இல் வதுளைக்கும் தண்டவாளம் சென்றது. கிழக்குக் கரை கடைசியாகவே நினைக்கப்பட்டது. இதற்குக் காரணம் விளங்காததன்று. புகையிரதம் இலங்கைக்கு வந்தது கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும். மலைநாட்டு விளைபொருளைக் கொழும்புத் துறைமுகத்திற் சேர்ப்பதே அதன் முதற் கடமை. நெல்லும் தேங்காயும் மீனும் அன்றைய ஆட்சியாளரின் கணக்கிற் பெரிய வருமானமாகத் தோன்றவில்லை. அன்றியும், மாகோவுக்குக் கிழக்கே ஆள் நடமாட்டம் அருகிய காடும், காட்டிற் குடிகொண்ட மலேரியாக் காய்ச்சலும் இருந்தன.

இறுதியில், வடமேற்கு மாகாணத்து மாகோவிலிருந்து புறப்பட்ட கிளைப்பாதை ஹபரணையைக் கடந்து கல்லோயாச் சந்தியை அடைந்தது. அங்கே அது இரண்டாகப் பிரிந்தது. ஒன்று திருகோணமலைக்கு 1927இல் சென்று சேர்ந்தது. மற்றொன்று மின்னேரியா, பொலன்னறுவை, மனம்பிட்டி, வெலிக்கந்தை, புணாணை, வாழைச்சேனை, கல்குடா, ஏறாவூர் வழியாக 1928இல் மட்டக்களப்பை எட்டியது. கல்லோயாச் சந்தி என்ற பெயரைக் கேட்கும் நேயர் அதனை அம்பாறைப் பக்கத்துக் கல்லோயாத் திட்டத்தோடு இணைத்துக் குழம்புதல் உண்டு. இரண்டும் வெவ்வேறு இடங்கள். அம்பாறைக்குப் புகையிரதமே இல்லை.

அரசாங்க ஏடுகளில் இப்பாதை 'மட்டக்களப்பு – திருகோணமலை இலகு புகையிரதப் பாதை' எனப்பட்டது. இலகு என்றதனால் களனிப் பள்ளத்தாக்கில் ஓடியது போன்ற ஒடுங்கிய பாதை என்று எண்ணுதல் கூடாது. அகலம் மற்றைப் பெரும்பாதைகளுக்குரிய ஐந்தடி ஆறங்குலமே. செலவைச் சுருக்குவதற்காகப் பாரம் குறைந்த தண்டவாளங்களும் எளிய கட்டுமானமும் கைக்கொள்ளப்பட்டன. இச்சிக்கனம் அன்றைக்கு வேண்டியதாயிருக்கலாம். ஆனால், இலகுவாகப் போட்ட பாதையில் வண்டியும் இலகுவாகவே, அதாவது மெல்லவே, ஓட வேண்டும் என்பதை மட்டக்களப்புப் பயணிகள் பல தலைமுறைகளாக அனுபவித்து அறிந்தனர்.

சிக்கனத்தின் மற்றொரு சான்று பாலங்கள். மனம்பிட்டியில் மகாவலி கங்கைக்குக் குறுக்கேயும் வாழைச்சேனையை அடுத்த ஓட்டமாவடியிலும் அமைந்த இரும்புப் பாலங்கள் புகையிரதத்துக்கும் வீதி வாகனத்துக்கும் பொதுவாயின. வண்டி வரும் வேளையில் இருபுறமும் வாயில்கள் அடைபடும். பஸ் வண்டிகளும் மாட்டுக் கரத்தைகளும் வரிசையாக நின்று காத்திருக்கும். தண்டவாளத்தின் மேலேயே மோட்டார் வண்டி ஏறிச் செல்லும் அந்தக் காட்சி வெளியூராருக்குப் புதுமையாயிருந்தது. உள்ளூராருக்கு அது காலதாமதம் மட்டுமே. மனம்பிட்டியில் வீதிக்கெனத் தனிப் பாலம் 2007இலேதான் திறக்கப்பட்டது.

புணாணையைப் பற்றி ஈண்டு ஒரு சொல். பொலன்னறுவை வீதியில் இவ்வூரை அண்டிய காட்டிலே வழிப்போக்கர் பலரைக் கொன்று தின்ற சிறுத்தை ஒன்றை, செல்டன் ஏகர் என்னும் தோட்டத்துரை 1924இற் சுட்டு வீழ்த்தினார். இலங்கையில் மனிதரைத் தின்று பழகிய சிறுத்தை பற்றிய செய்திகள் மிக அரியன. ஆதலின் புணாணைச் சிறுத்தை புகழ் பெற்றுவிட்டது. நான்கு ஆண்டுகளின் பின்னர் அதே புணாணையிற் புகையிரத நிலையம் அமைந்து, விளக்கும் மணியும் மனிதக் குரலும் கேட்கத் தொடங்கின. ஏறத்தாழ 350 கிலோமீற்றர் நீண்ட கொழும்புப் பயணம் ஓர் இரவுக்குள் அடங்கிவிட்டது. இரவு அஞ்சல் வண்டியிற் கொழும்புக் கோட்டையில் ஏறியவர் காலையில் மட்டக்களப்பில் இறங்கினார். கப்பலுக்காகப் பருவக்காற்று மாறும் வரை காத்திருந்த ஊருக்கு இது சிறிய மாறுதலன்று.

மாறுதலின் மறுபக்கமும் உண்டு. நெல்லும் தேங்காயும் மீனும் இறாலும் தோணியை விட்டுப் புகையிரதப் பெட்டியில் ஏறின. கடற்றுறை ஓய்ந்தது. வடக்கே யாழ்ப்பாணத்தையும் தெற்குக் கரையையும் நோக்கியிருந்த மட்டக்களப்பின் முகம் மேற்கே கொழும்பை நோக்கித் திரும்பிற்று. இப்பாதையினாற் பெரும்பயன் கொண்ட இடங்களுள் முதன்மையானது மட்டக்களப்பு நகரமா என்பதே ஐயத்துக்குரியது. 1930களில் மின்னேரியாவில் எழுந்த குடியேற்றத் திட்டத்துக்கு ஆட்களையும் பொருள்களையும் கொண்டு சேர்த்தது இந்தத் தண்டவாளமே. ஹிங்குராக்கொடையும் பொலன்னறுவையும் பெரிய ஊர்களானமைக்கு இதன் பங்கு மிக அதிகம். மட்டக்களப்பு மாவட்டத்துக்குள்ளோ பாதை செல்வது வடபகுதியில் மட்டுமே. 1950களில் வாழைச்சேனையில் வைக்கோலை மூலப்பொருளாகக் கொள்ளும் காகித ஆலை எழுந்தபோது பாதை அருகிலிருந்தது நல்வாய்ப்பாயிற்று. மக்கள் நெருங்கி வாழும் தென்பகுதிக்கு அத்தகைய வாய்ப்புக் கிட்டவில்லை.

தென்பகுதி மக்களின் வாழ்வை மாற்றியது வேறொன்று. புகையிரதம் வருவதற்கு நான்கு ஆண்டுகள் முன்னதாக, 1924இல், கல்லடியில் வாவிக்குக் குறுக்கே இரும்புப் பாலம் ஒன்று திறக்கப்பட்டது. 1918 முதல் 1925 வரை தேசாதிபதியாயிருந்த சேர் வில்லியம் மனிங் அவர்களின் துணைவியார் பெயரால் அது மனிங் சீமாட்டி பாலம் எனப் பெயர் பெற்றது. மக்கள் அதனைக் கல்லடிப் பாலம் என்றே வழங்கினர். அதுவரை நகரத்துக்கு வர விரும்பிய எழுவான்கரையார் கல்லடித் துறையிற் காத்திருந்தனர். பாலம் வந்தபின் காத்தான்குடி, ஆரையம்பதி, களுவாஞ்சிக்குடி, கல்முனை ஆகிய ஊர்கள் யாவும் நகரோடு ஒரே வீதியிற் கோக்கப்பட்டன. சந்தைக்குப் போகும் பெண்ணும் கச்சேரிக்குப் போகும் எழுதுவினைஞரும் வைத்தியசாலைக்குப் போகும் நோயாளியும் அன்றாடம் அதன்மேல் நடந்தனர். 1929இல் கல்லடி உப்போடையிற் சுவாமி விபுலாநந்தர் சிவானந்த வித்தியாலயத்தை நிறுவியபோது, நகரத்து மாணவரும் தென்புறத்து ஊர்களின் மாணவரும் அங்கு வந்து கூட இப்பாலமே வழிசெய்தது.

1928இன் பெருமை 1924ஐ மறைத்துவிட்டது எனலாம். ஆண்டுக்கு ஓரிரு முறை கொழும்பு செல்வோருக்குப் புகையிரதம் பெரும் பேறு. ஆனால், நாள்தோறும் வாவியைக் கடப்போருக்குக் கல்லடிப் பாலமே பேறு. மட்டக்களப்பு மக்கள் தங்கள் நகரத்தின் அடையாளமாகப் படம் வரையும்போது புகையிரத நிலையத்தை வரைவதில்லை. அந்த இரும்புப் பாலத்தையே வரைவர். நிறைமதி இரவுகளில் அதன் கீழ்ப் படகிலிருந்து கேட்கும் 'பாடும் மீன்' ஓசையும் அப்பாலத்தின் புகழுக்குத் துணைசெய்தது.

பாலத்தின் வழியே பஸ் வண்டி வந்தது. தனியார் கம்பெனிகள் நடத்திய வண்டிகளை அரசாங்கம் 1958ஆம் ஆண்டு சனவரி 1ஆந் திகதி பொறுப்பேற்று, இலங்கைப் போக்குவரத்துச் சபையை நிறுவியது. அக்காலத்திலே புகையிரதப் பகுதியும் புத்துயிர் பெற்றுக்கொண்டிருந்தது. 1954இற் கனடா நாட்டு டீசல் இயந்திரங்கள் வந்தன. 1955இற் பொது முகாமையாளர் பொறுப்பை ஏற்ற பீ. டி. ரம்பால, நெடுந்தூரக் கடுகதி வண்டிகளுக்குப் பெயர் சூட்டும் வழக்கத்தைத் தொடங்கினார். யாழ்தேவியும் உடரட்ட மெனிக்கேயும் ருகுணு குமாரியும் போல, மட்டக்களப்பு வண்டி 'உதயதேவி' ஆயிற்று. ஞாயிறு எழும் கரைக்குச் செல்லும் வண்டிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வாய்த்திராது. பிற்காலத்து இரவு வண்டி ஒன்று பாடும் மீனின் நினைவாக 'மீனகயா' என்னும் சிங்களப் பெயரைப் பெற்றது.

உதயதேவியில் வந்து பிற்பகலில் மட்டக்களப்பு நிலையத்தில் இறங்கும் கல்முனைப் பயணி, அங்கே பஸ் ஏறிக் கல்லடிப் பாலத்தைக் கடந்து தெற்கே சென்றார். படுவான்கரைப் பயணியின் நிலை வேறு. அவர் புகையிரதத்தில் இறங்கி, பஸ்ஸில் ஏறி, மண்முனைத்துறையில் இறங்கி, பாதைக்குக் காத்திருந்து, அக்கரையில் மாட்டு வண்டியோ கால்நடையோ கொண்டு ஊர் சேர்ந்தார். கொழும்பிலிருந்து மட்டக்களப்பு வரை கடந்த தூரத்தைவிட, கடைசிச் சில மைல்களே அவருக்கு நீண்டனவாகத் தோன்றியிருக்கும். வலையிறவிலும் பட்டிருப்பிலும் அமைந்த பாலங்கள் இத்துன்பத்தைச் சிறிது தணித்தன. இடைப்பட்ட ஊர்களுக்குத் துறையே கதி.

இயற்கையும் அடிக்கடி குறுக்கிட்டது. 1957 டிசெம்பர்ப் பெருவெள்ளத்தில் வீதிகளும் இருப்புப்பாதையும் உடைப்பெடுத்தன. 1978 நவம்பர் 23ஆந் திகதி இரவு வீசிய சூறாவளி தென்னந்தோட்டங்களை வேரோடு சாய்த்தது; தந்திக் கம்பங்களும் மரங்களும் தண்டவாளத்தின் மேல் வீழ்ந்து கிடந்தன. 2004 டிசெம்பர் 26ஆந் திகதிக் கடற்கோள் எழுவான்கரையின் ஒடுங்கிய நிலத்தை ஏறிக் கடந்து, கல்லடியிலும் நாவலடியிலும் எண்ணற்ற உயிர்களைக் கொண்டுபோயிற்று.

மனிதர் செய்த அழிவு இவற்றினும் நீண்டது. போர்க்காலத்தில் வாவியே எல்லைக்கோடாயிற்று. எழுவான்கரை பெரும்பாலும் அரசாங்கப் படையினர் கையிலும், படுவான்கரை பல ஆண்டுகள் விடுதலைப் புலிகள் கையிலும் இருந்தன. பெயரளவிலிருந்த இரு கரைகள் இரு ஆட்சிகளாயின. துறைகளிற் சோதனைச் சாவடிகள் எழுந்தன. அரிசியும் மருந்தும் மண்ணெண்ணெயும் எண்ணி அளந்தே கடந்தன. 1991 யூன் 12ஆந் திகதி மண்முனைத்துறைப் பக்கத்தில் நிகழ்ந்த வெடியிற் படையினர் சிலர் மாண்டதைத் தொடர்ந்து, கொக்கட்டிச்சோலையை அடுத்த மகிழடித்தீவிற் பொதுமக்கள் பலர் கொல்லப்பட்டனர். அரசாங்கம் நியமித்த ஆணைக்குழுவும் அதனை விசாரித்தது. தலைமுறை தலைமுறையாகத் தேர்த்திருவிழாவுக்கு அடியாரைச் சுமந்த துறை அது.

புகையிரதமும் இக்காலத்திற் பலமுறை தடைப்பட்டது. நெடுநாள் நின்றிருந்த மட்டக்களப்புச் சேவை, போர்நிறுத்த உடன்படிக்கையின் பின்னர், 2003இல் மீண்டும் தொடங்கிற்று. அவ்வாண்டு நிலையத்திற் கூடியவர்களுள், புகையிரதத்தை அதுவரை கண்டறியாத சிறுவரும் இருந்தனர் என்பதை எண்ணிப் பார்த்தால் இடைவெளியின் நீளம் விளங்கும்.

போர் ஓய்ந்தபின் பாலங்கள் விரைந்து எழுந்தன. 2013இல், யப்பானிய உதவியுடன், பழைய கல்லடிப் பாலத்தின் அருகே புதிய அகன்ற பாலம் திறக்கப்பட்டது. 1924ஆம் ஆண்டுப் பாலம் இடிக்கப்படாமல் நடப்போருக்கும் சிறு வண்டிகளுக்கும் விடப்பட்டமை பாராட்டத்தக்கது. மறு ஆண்டு, 2014 ஏப்ரிலில், மண்முனைத்துறையிலும் பாலம் திறக்கப்பட்டது. அங்கே பாதை ஓய்வு பெற்றது. எழுவான்கரையிலிருந்து கொக்கட்டிச்சோலைக்கு வாகனம் நேரே சென்றது. கல்லடிக்குப் பாலம் கிடைத்துத் தொண்ணூறு ஆண்டுகளின் பின்னரே மண்முனைக்குப் பாலம் கிடைத்தது. இரு துறைகளுக்கும் இடைப்பட்ட தூரமோ சில மைல்களே. எழுவான்கரைக்கும் படுவான்கரைக்கும் அரசுகள் காட்டிய கவனத்தின் வேறுபாட்டை அளக்க இத்தொண்ணூறு ஆண்டைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை.

இருப்புப்பாதையைத் தெற்கே கல்முனைக்கும் பொத்துவிலுக்கும் நீட்ட வேண்டும் என்ற கோரிக்கை பழையது. அவ்வப்போது அறிவிப்புகளும் வந்துள்ளன. நாட்டின் தென்கோடியில் மாத்தறையிலிருந்து பெலியத்தைக்குப் புதுப்பாதை 2019இல் திறக்கப்பட்டபோது கிழக்கிலும் அந்நம்பிக்கை மீண்டும் துளிர்த்தது. எதிர்ப்பக்கத்துக் கருத்தும் கேட்கத்தக்கதே. ஒடுங்கிய எழுவான்கரையில் வீடுகள் தோளோடு தோள் நெருங்கி நிற்கின்றன. தண்டவாளம் போட வேண்டுமாயின் அவற்றுட் பலவற்றை அகற்ற வேண்டும். படுவான்கரை வழியே போட்டால் வயலும் வெள்ளமும் குறுக்கிடும். ஆனால், இதுவரை எதுவும் கிட்டாத கரைக்கு ஒன்று கிட்டும். 1928இற் போலச் செலவைச் சுருக்கி 'இலகு' வேலை செய்தல் இந்நாளில் ஏலாது. காட்டு வழியே செல்லும் பழைய பாதையில் யானைகள் வண்டியில் மோதி மடிவதும், 2025 பெப்ரவரியில் மீனகயா மோதி ஆறு யானைகள் இறந்ததும், பாதை போடுமுன் நிலத்தை அறிய வேண்டியதன் அவசியத்தை உணர்த்துவன.

தண்டவாளம் இன்றளவும் மட்டக்களப்பு நிலையத்தோடு முடிகின்றது. தூரத்து வண்டியில் வந்திறங்கும் தென்பகுதிப் பயணிகள் மூட்டை முடிச்சுகளோடு நிலைய வாயிலுக்கு வெளியே வந்து, கல்முனைப் பஸ் எப்போது வரும் என்று கேட்கின்றனர்.